படகு பிளக்

பக்கிரியின் பட்டறை வாசலில் 'பக்கிரி ஆல் எஞ்சின் ஒர்க்ஸ்' என்று ஒரு பலகை தொங்கும். அந்த 'ஆல்' பெயிண்டர் போட்டது. பலகையில் இடம் மிஞ்சுகிறது, விட்டால் மொட்டையாக இருக்கும் என்று அவனாகவே எழுதிவிட்டுப் போனான். பக்கிரிக்குத் தெரிந்தது டீசல் எஞ்சின் மட்டும்தான். மரக்காணம் உப்பளங்களில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப்செட்டு, அதை விட்டால் குப்பத்து டீசல் படகு. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் என்கிற சாமானே கிடையாது. ஆனால் பலகையைப் படித்தவர்கள் மொபெட்டையும் பைக்கையும் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, வருகிற வண்டியையெல்லாம் கழற்றிப் பார்த்து, இருபது வருஷத்தில் பக்கிரி பெட்ரோல் எஞ்சினும் கற்றுக்கொண்டான். முழுசாகக் கற்றுக்கொண்டானா என்பதில்தான் அவனுக்கே நாலு வருஷமாகச் சந்தேகம்.

அந்தச் சந்தேகம் இப்போது பட்டறை நடுவில் ஸ்டாண்டு போட்டு நின்றது. எண்பத்துநாலாம் வருஷத்து யெஸ்டி பைக். நூர் முஹம்மதுவின் வண்டி.

நூர் கூனிமேட்டில் வலைக்கடை வைத்திருந்தவன். பக்கிரியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பக்கிரியின் அம்மா தர்காவில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை என்பதால் அவனுக்குப் பக்கிரி என்று பேர். “பேரு எங்களுது, ஆளு மட்டும் உங்களுது” என்று நூர் சாகிற வரைக்கும் சொல்லிச் சிரித்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியில் புதுச்சேரிக்கு ஒரு நிக்காஹுக்குப் போகும்போது, கூனிமேடு தாண்டி ஈசிஆர் ரோட்டில் விழுந்து, பாலத்துச் சுவரில் மோதிச் செத்துப்போனான். பின்சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டு போன கறுப்புக் கோடு ரோட்டில் அறுபது அடிக்கு இருந்தது. வேகமாகப் போய் பிரேக் பிடித்திருக்கிறார் என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டார்கள். வண்டியை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பக்கிரிக்கு அந்தக் கோட்டுக்கு வேறு ஒரு காரணம் தெரியும். தெரியும் என்பதுகூடச் சரியில்லை. அதுவாக இருந்துவிடக் கூடாதே என்று பயம்.

அன்றைக்குக் காலையில், வண்டி இழுத்து இழுத்துப் போகிறது என்று நூர் இதே பட்டறையில்தான் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை.

“டேய் பக்கிரி, பிளக்க பாருடா. லேட் ஆனா பிரியாணி ஆறிடும்.”

“நிக்காஹுக்குப் போறியா, பிரியாணிக்குப் போறியா?”

“ரெண்டும் ஒரே மண்டபத்துலதான் இருக்குது. நீ பேசாம வேலைய பாரு.”

மேசைமேல் ஒரு டப்பாவில், பெட்ரோலில் ஊறப்போட்டுச் சுத்தம் பண்ணிய பழைய பிளக் ரெண்டு கிடந்தன. ஒன்று பைக் பிளக். இன்னொன்று குப்பத்து மீனவன் குப்புசாமியின் மண்ணெண்ணெய்ப் படகு எஞ்சினில் கழற்றியது. ரெண்டுக்கும் ஒரே மரை, ஒரே தடிமன். பீங்கானில் இருந்த நம்பர் ரெண்டிலுமே அழிந்துபோயிருந்தது. பக்கிரி பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து முறுக்கினான். முதல் உதையிலேயே வண்டி எழுந்தது. “கில்லாடிடா நீ” என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

பைக்குக்குப் படகு பிளக்கைப் போட்டுக்கொள்வது குப்பங்களில் சகஜம். கடைக்கு அலைவானேன், படகுப் பெட்டியில் எப்போதும் நாலு கிடக்கும். பக்கிரியே மூன்று பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான், பெருமையாக. மண்ணெண்ணெய் கரி கக்கும். அந்தக் கரியைத் தானே எரித்துக்கொள்வதற்காகப் படகு பிளக்கைச் சூடு தங்குகிற மாதிரி செய்திருப்பார்கள். டீக்கடைக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வருகிறவனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நீட்டு ரோட்டில் நிறுத்தாமல் விரட்டினால் பிளக்கின் முனை கங்கு மாதிரி ஆகிவிடும். பிஸ்டன் உருகிப்போய் சிலிண்டரைக் கவ்வும். கவ்வினால் பின்சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இதெல்லாம் பக்கிரிக்குத் தெரிந்தது நூர் செத்த மூன்றாம் நாள், செல்போனில், ஒரு மெக்கானிக் இந்தியில் விளக்கிய வீடியோவில். பக்கிரிக்கு இந்தி ஒரு சொல் வராது. படம் நன்றாகவே புரிந்தது.

டப்பாவில் ஒரு பிளக் மிச்சம் இருந்தது. அதன் வாயைத் திருப்பிப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் பீங்கான் மூக்கு, படகு பிளக்கில் நீளம், பைக் பிளக்கில் குட்டை. எது இங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எது அங்கே போனது என்று தெரிந்துவிடும். பக்கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை எடுத்துப் போய்க் கழுவெளி ஏரித் தண்ணீரில் வீசிவிட்டு வந்தான். அவன் வாழ்க்கையில் பார்க்காமல் செய்த ரெண்டு வேலைகளில் அது ரெண்டாவது.

சந்தேகத்தையாவது நூரின் மனைவி சுரையாவிடம் சொல்லிவிடலாம் என்று ஐந்தாம் நாள் கூனிமேட்டுக்குப் போனான். 'இத்தா'வில் இருக்கிறாள் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். புருஷன் மவுத்தானால் நாலு மாசம் பத்து நாள் வெளியாம்பளை கண்ணில் படக் கூடாது. சின்ன வயசிலிருந்து கூனிமேட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இது தெரியாததில்லை, அவசரத்தில் மறந்துவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து “அண்ணனுக்கு டீ குடுங்க” என்று குரல் மட்டும் வந்தது. சொல்ல வந்ததைத் திரைச்சீலையிடமா சொல்ல முடியும். டீயைக் குடித்துவிட்டு வந்து, காலண்டரைக் கிழித்துக்கொண்டே காத்திருந்தான். நாலு மாசம் பத்து நாளில் வார்த்தைகள் ஊசிப்போய்விட்டன. திரை விலகிய அன்று போய், “மோட்டார் கீட்டார் ரிப்பேர்னா சொல்லும்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அவன் கைபடாத சாமான் இல்லை. மிக்சி, மோட்டார், கேட்டின் கீல். ரிப்பேர் ஆகாததையும் கழற்றிப் பார்த்து ரிப்பேர் ஆக்கி, மறுவாரம் போய்ச் சரிசெய்து கொடுத்தான்.

இந்த வருஷம் சுரையாவின் தம்பி முஜீப் ரஹ்மான் ஷார்ஜாவிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்தான். வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டியைப் பார்த்ததும் அவனுக்கு 'விண்டேஜ்' ஆசை பிடித்துக்கொண்டது. வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி நேராகப் பக்கிரியிடம் கொண்டுவந்தான்.

“மச்சான் வண்டிண்ணா. நீங்கதான் பண்ணணும். சுரையா லாத்தாவே சொல்லிடுச்சு, பக்கிரி அண்ணன் கைய தவிர வேற கை படக் கூடாதுன்னு.”

பக்கிரி முப்பத்துமூன்று நாள் எஞ்சினைத் தொடவில்லை. உப்புக்காற்று தின்ற மட்கார்டுக்கு ஒட்டுப்போட்டான். ஸ்போக் மாற்றினான். டேங்கில் பொடிக்கல்லைப் போட்டுக் குலுக்கித் துரு எடுத்தான். கறுப்பு பெயிண்ட் அடித்து அதன்மேல் மெல்லிசாக ஒரு தங்கக் கோடும் இழுத்தான். வயரிங், சீட்டு, ஹாரன். ஹாரன் ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது. ஓடாத வண்டிக்கு அவ்வளவு நல்ல ஹாரன் தேவையில்லை.

“எஞ்சின் எப்பண்ணா?” என்று முஜீப் தினமும் கேட்டான்.

“எஞ்சின் கடைசில.”

“வீடியோல எல்லாம் மொதல்ல எஞ்சினத்தான் தொறக்கறாங்க.”

“அவங்களுக்கு இன்னா, உப்பா காத்தா.”

உதைக்கிற லீவர் அசையவில்லை. நாலு வருஷம் உப்புக்காற்றில் கிடந்த எஞ்சின் துருப்பிடித்தும் இறுகலாம், உள்ளே உருகியும் இறுகியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதுதான் பக்கிரிக்கு வசதியாக இருந்தது.

லீவு முடிய ஐந்து நாள் இருக்கும்போது முஜீப் ஸ்டூலைப் போட்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். பக்கிரி பிளக்கில் எண்ணெய் விட்டு ஊறவைத்தான். ஸ்பேனரைப் போட்டுத் திருகினான். வரவில்லை. பைப்பைச் செருகி அழுத்தினான். டக்கென்று வெளிப்பக்கத்துப் பீங்கான் உடைந்து கையோடு வந்தது, இரும்பு அப்படியே நின்றது. சூடு காட்டிப் பார்த்தான். ஸ்பேனர் பிடிக்கிற பட்டை மழுங்கியதுதான் மிச்சம். இதோடு விட்டுவிடலாம், சிலிண்டருக்கு மூடியாக இருக்கிற ஹெட்டையே அறுத்தெறிந்துவிட்டு வேறு வாங்கிப் போட்டால் என்ன என்று ஓர் ஆசை வந்தது.

“ஹெட்ட கழட்டிடலாமேண்ணா. நாலு நட்டுதானே?”

வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்களோடு இதுதான் தொந்தரவு. சமயத்தில் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

நாலு நட்டும் வந்தன. ஹெட்டை மரச்சுத்தியலால் தட்டித் தூக்கி, பக்கிரி அதை மல்லாத்திப் பிடித்தான். பிளக்கின் வாய் அவனைப் பார்த்தது. நீள மூக்கு. சாம்பல் வெளுப்பாக வெளுத்து, முனை உருண்டு, சுற்றிலும் பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள். கீழே சிலிண்டரில் பிஸ்டனின் ஒரு ஓரம் மெழுகுவத்தி மாதிரி வழிந்து சுவரோடு ஒட்டியிருந்தது. அந்த வெள்ளிப் புள்ளியெல்லாம் பிஸ்டன்தான்.

முஜீப் குனிந்தான். “இன்னாண்ணா இது, ஜிகினா போட்ட மாதிரி? உப்பா?”

“ம். உப்புதான்.”

மரக்காணத்தில் எதையும் நம்பாதவன்கூட உப்பு என்று சொன்னால் நம்புவான். முஜீப் நம்பினான். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, “பிஸ்டன் நாளைக்குப் பாண்டில வாங்கினு வந்துடறேன்” என்று கிளம்பிவிட்டான். பக்கிரி ஹெட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து அதன்மேல் ஒரு துணியையும் போட்டான்.

மறுநாள் முஜீப் பிஸ்டனோடு வந்தான். பக்கிரி பார்ப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தான். புத்தம் புது பிளக்.

“பாண்டில நம்ம வண்டிக்கு பிளக் ஸ்டாக் இல்லண்ணா. வர்ற வழியில குப்பத்துல குப்புசாமிய பாத்தேன். இத போடு, நல்லா ஓடும்னு படகுப் பெட்டிலேந்து எடுத்துக் குடுத்தாரு. அவரு பைக்ல அஞ்சு வருஷமா இதான் ஓடுதாம். நீங்க போட்டதாம்.”

“இது வேணாம்.”

“ஏண்ணா? ஃபிட் ஆவும்ல?”

“ஃபிட் ஆவும். வேணாம். வேற வரட்டும்.”

“நாலு நாள்தாண்ணா இருக்குது. மெட்ராஸ் வரைக்கும் ஒரு ரைடு போய்ட்டு பிளைட் ஏறிடலாம்னு பாக்கறேன்.”

“இது சூடு ஆவும்பா.”

“எஞ்சின்னா சூடு ஆவத்தானே செய்யும்?”

“ரொம்ப ஆவும். லாங்ல போனா தாங்காது.”

“தாங்கலன்னா?”

பக்கிரி துணியால் கையைத் துடைத்தான். கையில் ஒன்றும் இல்லை.

“பிஸ்டன் புடிச்சுக்கும்.”

“புடிச்சுக்கினா?”

“பேக் வீல் லாக் ஆயிடும்.”

முஜீப் மேசையில் துணிக்கு அடியில் இருந்த ஹெட்டைப் பார்த்தான். எழுந்து போய்த் துணியை எடுத்து, ஹெட்டைத் திருப்பி, தான் கொண்டுவந்த பிளக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே நீள மூக்கு. பக்கிரி தடுக்கவில்லை.

“மச்சானுக்கு இத யாருண்ணா போட்டது?”

“நான்தான்.”

“தெரிஞ்சேவா?”

“டப்பால ரெண்டு இருந்துச்சு. பாக்காம எடுத்துட்டேன்.”

“நேத்து உப்புன்னீங்களே.”

முஜீப் வெளியே போய் ரோட்டைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றான். உப்பு லாரி ஒன்று போனது, இன்னொன்று போனது. திரும்பி வந்தபோது அவன் குரலில் வேலை செய்கிற இடத்துச் சூப்பர்வைசரிடம் பேசுகிற மாதிரி ஒரு அளவு வந்திருந்தது.

“லாத்தாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்.”

கூனிமேட்டில் சுரையா கதவைத் திறந்ததும், முகத்தைப் பார்க்காமலே டீ போட உள்ளே போனாள். பக்கிரி மூன்று தடவை ரிப்பேர் பார்த்த ஃபேன் தலைக்குமேல் கடகடத்தது. டீ வந்தது. அவன் எடுக்கவில்லை. நாலு வருஷம் மனசுக்குள்ளேயே எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான். எல்லாவற்றிலும் தன்னைப் பற்றித்தான் நிறைய இருந்தது. இப்போது நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. முஜீப் வாசற்படியில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

சுரையா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அழவில்லை. சுவரையே பார்த்தாள்.

“வண்டி நிக்கப் போவுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமாண்ணா?”

இல்லை, ஒரே நொடி, ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கேட்டது மெக்கானிக்கிடம்.

“தெரிஞ்சிருக்கும்மா. சத்தம் மாறும். வண்டி கனக்கும். அவன் நல்ல காதுக்காரன்.”

“எவ்ளோ நேரம் முன்னாடி?”

“ஒரு கிலோமீட்டர் இருக்கும்.”

“அப்ப ஏன் நிறுத்தல?”

பக்கிரி டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான்தானே போட்டுக் குடுத்தேன். ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிருப்பான்.”

வாசற்படியில் முஜீப்பின் முதுகு குலுங்கியது. சுரையா எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் நின்றதும் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்து வெளியே போ என்று சொல்வாள், அல்லது மன்னித்துவிட்டேன் என்று சொல்வாள் என்று பக்கிரி காத்திருந்தான். ரெண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தான்.

“வேற யாரு யாருக்கு இத போட்டிருக்கீங்க?”

அவனுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை.

“பிளக்குண்ணா. நீங்க போட்டது இன்னும் யார் வண்டில இருக்குது?”

“குப்புசாமிக்கு. ஜெயசீலனுக்கு. செட்டிக்குளத்துப் பக்கம் ஒருத்தரு.”

“கழட்டிட்டீங்களா?”

“இல்ல.”

“நாலு வருஷமாவா?”

“எல்லாம் ஊருக்குள்ளயே ஓட்டறவங்கம்மா. மெதுவாத்தான்…” மிச்சத்தை அவளாகவே கேட்பதற்குள் சொல்லிவிட்டான். “கழட்டினா ஏன்னு கேப்பாங்கன்னு விட்டுட்டேன்.”

சுரையா முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பேசாமல் அவள் அடித்திருக்கலாம்.

“போய் கழட்டுங்க. ஏன்னு கேட்டா சொல்லுங்க.”

“அப்புறம் நான் இங்க…”

“அப்புறம் இன்னான்னு எனக்குத் தெரில. இப்ப போங்கண்ணா.”

அந்த 'அண்ணா' பழக்கதோஷமாக இருக்கலாம். பக்கிரி அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை.

குப்பத்தில் குப்புசாமி சவுக்கு நிழலில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய பழைய பைக் மணலில் சாய்ந்து நின்றது. பக்கிரி மொபெட்டை நிறுத்திவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பைக்கின் முன்னால் குந்தினான்.

“ஏம்பா, ஓடற வண்டிய ஏன் நோண்டற? வேல இல்லியா?”

“பிளக்க கழட்டறேன்.”

“அது கல்லு மாதிரி இருக்குதுபா. இன்னிக்குக்கூட அந்த ஷார்ஜா தம்பிக்கு ஒண்ணு குடுத்தேன், உம் பேர சொல்லி.”

“தெரியும்.” பிளக் லேசாகவே வந்தது. பக்கிரி அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தான். சொல்ல வேண்டியதை மணலைப் பார்த்துச் சொன்னான். “நூர் பாய் வண்டிக்கு இதத்தான் போட்டேன். இது சூடேறி, எஞ்சின் புடிச்சு, வீல் லாக் ஆயிதான் அவன் செத்தான். நேத்து தொறந்து பாத்தேன்.”

குப்புசாமியின் கை வலைக்குள்ளேயே நின்றது.

“இன்னாபா சொல்ற?”

“நீ ஊருக்குள்ளயே ஓட்டறவன், ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சு வுட்டுட்டேன்.”

“நான் எங்க ஓட்டறேன். பரத்துதான் எடுத்துனு போறான். காலேஜு சேந்ததுலேந்து வாராவாரம் பாண்டிக்கு.” பரத் அவன் மகன். “வயசுப் பையன். மெதுவாவா போவான்.”

பக்கிரி பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டான். குப்புசாமி அவனைத் திட்டப்போவதாகத்தான் தெரிந்தது. கடைசியில் கேட்டது வேறு.

“இன்னும் யாருக்கு?”

“ஜெயசீலனுக்கு, செட்டிக்குளத்துப் பக்கம் ஒருத்தருக்கு. மொதல்ல ஜெயசீலன்கிட்டதான் போறேன்.”

“ஜெயசீலன் வண்டிய எப்பவோ குடுத்துட்டானே.”

“யாருக்கு?”

“திண்டிவனம் பக்கத்து ஆளு. பேருலாம் தெரியாது. எதோ கொரியர்ல வேலையாம். நாள் பூரா ரோட்டுலயே இருக்கறவன்.”

பக்கிரி மொபெட்டை உதைத்தான். அது எடுக்கவில்லை. மறுபடி உதைத்தான். குப்புசாமி வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, பின்னாலிருந்து தள்ளிவிட்டான்.